ஒரு பாட்டில் கடல் தண்ணி

அந்த வராண்டாவில் ஆம்பளைகளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பச்சைக் குழந்தைகள் வார்டின் கதவு அரையடி திறக்கும். ஒரு தலை மட்டும் வெளியே வந்து "கலைமதி!" என்று கூப்பிடும். நான் விழுந்தடித்துக்கொண்டு எழுந்து ஓடவேண்டும். கலைமதி என் தங்கச்சி. அவள் மாடியில் பிரசவ வார்டில் படுத்திருந்தாள். அவள் புருஷன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எடை குறைவாகப் பிறந்த அவள் பெண் உள்ளே மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழே கிடந்தது. மிச்சம் இருந்தது தாய்மாமன் நான்தான். திண்டிவனத்துக்கு மேற்கே வேர்க்கடலை போட்டிருந்த என் மல்லாட்டைக் கொல்லியைக் காட்டுப்பன்றிக்கு விட்டுவிட்டு, இங்கே விழுப்புரத்துக் கொசுவுக்கு என்னைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துப் பாயில் இருந்தவன் பெயர் தமிழ்மொழி. அதாவது அவன் பெண்டாட்டி பெயர். அவனுக்கு ராஜசேகர் என்று ஒரு பெயர் இருப்பது தெரியவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் அவனுக்கு. ஃபைபர் போட்டில் நாலு பேர் சேர்ந்து தொழில் பண்ணுகிறவர்கள். ஒருத்தன் வராவிட்டால் போட்டு கரையிலேயே கிடக்கும், மற்ற மூன்று வீட்டிலும் அடுப்பு யோசிக்கும். அதனால் ராத்திரி ஊருக்குத் திரும்பி, விடியுமுன் கடலுக்குப் போய்விட்டு, கரையேறிய கையோடு பஸ் பிடித்து, திண்டிவனத்தில் மாறி, மதியத்துக்குள் வந்து பாயில் விழுவான். மீன் வாடையும் பஸ் வாடையும் சேர்ந்து அடிக்கும். நான் புரட்டாசி விரதம். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் படுத்தேன். அப்புறம் சலித்துப்போய் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் விரதமென்ன, ஆசாரமென்ன.

கூட இருந்தது அவன் மாமியார் வீரம்மாள். கருவாடு விற்கிற பொம்பளை, தொண்டை ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் இங்கே வந்தபிறகு அவளும் குரலைக் குறைத்துக்கொண்டிருந்தாள். தமிழ்மொழிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரஷர் தலைக்கேறிவிட்டது. கண் இருண்டு விழுந்தவளைத் தூக்கிவந்து வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. இரண்டு கையைச் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடும் என்றாள் வீரம்மாள். நுரையீரல் இன்னும் பழுக்கவில்லை, தானாக மூச்சு விடத் தெரியவில்லை, வாய்வழியாகத் தொண்டைக்குள் குழாய் விட்டு மிஷின்தான் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. குழாயை எடுக்கிற நாள் வந்தால் பிள்ளை பிழைக்கும். குழாய் உள்ளேயே இருக்க இருக்க ஆபத்து. இதுதான் அந்த வீட்டுக்கு அப்போது தெரிந்த ஒரே கணக்கு.

தாய் மாடியை விட்டு இறங்க முடியாமல் கிடந்ததால், அவள் தொடவேண்டியதை அப்பன் தொடட்டும் என்று ராஜசேகரை உள்ளே விட்டார்கள். தமிழ்மொழி பீய்ச்சிக் கொடுக்கிற பால், ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் நாலைந்து சொட்டு இருக்கும். அதை மூடி எடுத்துக்கொண்டு போவான். அந்தப் பாலில் நனைத்த பஞ்சால் சிஸ்டர் பிள்ளையின் வாயைத் துடைப்பாள். இவன் ஒரு விரலை நீட்டிக்கொண்டு நிற்பான், பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அப்பனுக்கும் பிள்ளைக்கும் உறவு.

முதல் தடவை உள்ளே போய்விட்டு வந்தவன் கதவைப் பார்த்தபடியே பாயில் உட்கார்ந்திருந்தான். நான் வாங்கி வைத்திருந்த டீயும் ஆறிப்போயிற்று. எனக்கு ஆறின டீயைக் கண்டால் ஆகாது, குடிய்யா என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அழுவுது அண்ணே. வாய் தொறந்து, மூஞ்சி செவந்து, காலெல்லாம் ஒதச்சிக்கினு அழுவுது. சத்தம் மட்டும் வர்ல."

குழாய் குரல்வளைக்கு நடுவில் போவதால் சத்தம் வராது, குழாயை எடுத்தால் வரும் என்று சிஸ்டர் சொன்னாளாம். சொல்லியும் அவனுக்கு ஆறவில்லை. கடலில் மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகினவன், சத்தமில்லாத அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பான்? வீரம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து வாட்ச்மேனோடு சண்டைக்குப் போனேன்.

அந்த சிஸ்டர் பெயர் சங்கவி. சின்ன வயசுதான். கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கியிருக்கும். ஒருநாளும் சிரித்துப் பார்த்ததில்லை, கத்தியும் பார்த்ததில்லை. கதவோரம் இரண்டு சட்டம் போட்டிருந்தாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவவேண்டும். அப்புறம் சுவரில் தொங்குகிற பாட்டிலை அழுத்தி, ஸ்பிரிட் மாதிரி சில்லென்று வரும் மருந்தை உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று தேய்த்துக் காயவிடவேண்டும். நானும் தேய்த்திருக்கிறேன். மல்லாட்டை பிடுங்கின கை, கொஞ்சம் சுரீரென்னும், அவ்வளவுதான்.

ராஜசேகர் கையை நான் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. எப்போதும் விரலை மடக்கியே வைத்திருப்பான். அவன் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். உள்ளே போகுமுன் வராண்டாக் கோடிக்குப் போய் அதைக் கையில் ஊற்றி, முகம் கழுவுகிற மாதிரி சிரத்தையாகத் தேய்த்துக் கழுவுவான். ஆஸ்பத்திரி போர் தண்ணீர் பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஆளுக்கொரு கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை கொஞ்சம் தேறியது. மிஷின் கொடுக்கிற மூச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், மிச்சத்தை அதுவே இழுத்தது. ஒரு மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்து, இப்படியே இருந்தால் நாளைக்குக் குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்றார். வீரம்மாள் உடனே மயிலம் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். பிள்ளைக்கா என்று கேட்டேன். அதுக்கு மயிர் எங்க இருக்குது, எனக்குத்தான் என்றாள். வராண்டாவே சிரித்தது. ராஜசேகர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு உள்ளே போயிருந்தபோது பிள்ளையின் கன்னத்தைத் தொட்டானாம். குழாயோடு சேர்ந்து அது வாயைத் திருப்பி அவன் விரலைச் சப்பப் பார்த்ததாம். அதை மட்டும் எனக்கு மூன்று தடவை சொன்னான்.

மறுநாள் குழாயை எடுக்கவில்லை. விடிகாலையிலேயே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. குழாயில் உறிஞ்சி எடுத்த சளி பச்சையாக, கெட்டியாக வந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் ஒரு பக்கம் வெள்ளை படர்ந்திருந்தது. மிஷின் போட்ட பிள்ளைகளுக்கு வருகிற நிமோனியா என்றார்கள். குறைத்துக்கொண்டு வந்த மூச்சையெல்லாம் திரும்ப ஏற்றிவைத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். கரையிலிருந்து நேராக வந்த ராஜசேகர், பையைக்கூட இறக்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். நாளைக்கு எடுக்கிறேன் என்று சொன்னீர்களே என்று யாரைக் கேட்பது? சொன்னவரே உள்ளே பிள்ளைமேல் குனிந்த தலை நிமிராமல் நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சங்கவி எங்கள் எல்லாரையும் கதவோரம் வரிசையாக நிறுத்தினாள். தன் ஆட்கள் கையை முதலில் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருக்கிறாள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருத்தராகத் தேய்த்துக் காட்டச் சொன்னாள். என்னுடையது தேறியது, கட்டைவிரலை விட்டுவிட்டேனாம், திரும்பத் தேய்க்கவைத்தாள். ராஜசேகர் முறை வந்தது. பாட்டிலை அழுத்துகிற மாதிரி பாவனை செய்துவிட்டு வெறும் கையைத் தேய்த்தான். கை நனையவில்லை. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினாள்.

ஐயோ, அது கையா! தங்கூசி வலையின் நைலான் நரம்பை இழுத்து இழுத்து விரல் மடிப்பெல்லாம் கோடு கோடாகப் பிளந்திருந்தது. கெளுத்தி மீனின் முள் குத்தின இடம் ஒன்று வாய் திறந்து வெளுத்திருந்தது. அந்தக் கையில் ஸ்பிரிட் பட்டால் எப்படி இருக்கும் என்று யோசிக்கவே எனக்குக் கூசியது.

"தெனமும் இப்பிடியே தான் உள்ள வந்தீங்களா?" என்றாள்.

"எரியுது சிஸ்டர். உயிரு போவுது. அதான்..." என்று பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தான். "கடல் தண்ணி. கரையேறும்போது தெனம் புதுசா புடிச்சிக்கினு வர்றேன். இதுல நல்லா கழுவிக்கினுதான் உள்ள போவேன். சும்மா போவல. எழவுக்குப் போய்ட்டு வந்தாக்கூட எங்களுக்கு இதுல முங்கினாத்தான் தீட்டு போவும். முள்ளு குத்தினாலும் இதுலதான் ஆறும். இதவிட சுத்தம் இன்னா இருக்குதுன்னு..."

முடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் சோம்பேறித்தனத்தால் செய்திருந்தால் நானே நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவனோ தன் சனத்துக்குத் தெரிந்த ஆகச் சுத்தமான பொருளைப் பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்துவந்திருக்கிறான். இவனை எப்படித் திட்டுவது?

சங்கவியும் திட்டவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் பொடி மணல் இருந்தது.

"ஒங்க கை இதுல ஆறலாம் அண்ணா. அது வேற. நமக்கு சளி உள்ள எறங்கினா இருமித் துப்பிடுவோம். ஒங்க புள்ளையால துப்ப முடியாது. கையில இருக்கற கிருமி வாய்க்குப் போனா, பைப்ப புடிச்சிக்கினு அப்பிடியே நெஞ்சுக்கு எறங்கிடும்."

"அப்ப என்னாலதானா?"

உள்ளே ஏதோ ஒரு மிஷின் கூவியது, அவள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தெரியல. எவ்ளோ பாத்துக்கினாலும் பைப்பு போட்டதுல சிலதுக்கு இது வரத்தான் செய்யுது. ஒங்க கையா, எங்க கையா, பைப்பேவா, யாராலயும் சொல்ல முடியாது. சொன்னா பொய்யி. ஆனா கை ஆறுற வரிக்கும் நீங்க உள்ள வர வேணாம்."

ஆமாம் என்றிருந்தால் ஒரு மூச்சு அழுது தீர்த்திருப்பான். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பான். இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று. நல்ல பெண்தான், ஆனால் அன்றைக்கு அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

கை ஆறவேண்டும் என்றால் கடலுக்குப் போகக்கூடாது. போட்டுப் பங்காளி அப்பாதுரை போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தான். இவன் எடுத்து, வர்ல, நீங்க வேற ஆள வச்சிக்கினு போங்க என்று வைத்துவிட்டான். பாட்டில் தண்ணீரை வேப்பமரத்தடியில் கொட்டினான். அப்புறம் பாயில் உட்கார்ந்து உள்ளங்கையை மேலே திருப்பி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து தடவிவிட்டேன். கல்யாண மாப்பிள்ளைக்கு மருதாணி வைக்கிற மாதிரி இருக்கிறது என்று கிண்டல் பண்ணிப் பார்த்தேன், எடுபடவில்லை.

தமிழ்மொழி மாடியிலிருந்து இறங்கி வரத் தொடங்கியது அதற்கப்புறம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு வருவாள். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். பால் கிண்ணத்தை இப்போது அவளே உள்ளே கொண்டுபோனாள். வந்த அன்றைக்கே கேட்டுவிட்டாள், நீ ஏன் உள்ள போவல என்று. அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து போயிருக்கவேண்டும், எங்கே போவது, இருந்ததே அந்த ஒரு பாய்தான். பாட்டில், கை, சிஸ்டர் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். குழந்தை விரலைச் சப்பப் பார்த்ததையும் சொன்னான். அதை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம், விடவில்லை.

வீரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தமிழ்மொழி அழவில்லை. அவன் கையை ஒரு தடவை பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இப்ப என்னாண்ட ஒண்ணும் பேசாத," என்றாள். "பாலு நின்னுடும்."

அதோடு சரி. கோபப்பட்டால் பால் வற்றிவிடும் என்பது அவள் பயம். அதனால் கோபத்தை எங்கேயோ எடுத்துவைத்துவிட்டு, வேளை தவறாமல் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். நடுவில் நான் தபால்காரனானேன். எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு என் மூலமாகத்தான் எல்லாம். அண்ணே, அவுர சாப்ட சொல்லுங்க. அண்ணே, எண்ண தடவினாரான்னு கேளுங்க. கோபத்தில் இருக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? நானும் அலுக்காமல் திருப்பிச் சொன்னேன்.

மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் புழுங்கி எடுத்துவிட்டு, சாயங்காலம் ஆனால் கொட்டும். வராண்டாவில் சாரல் அடிக்கும், பாய்களைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் எல்லாரும் நெருக்கி நிற்போம். ஊரில் என் மல்லாட்டைக் கொல்லியில் பன்றி புகுந்துவிட்டது என்று பக்கத்துக் கொல்லிக்காரர் சுப்பராயலு போன் செய்தார். போகட்டும் என்றேன். கலைமதி பிள்ளைக்கு நீல விளக்கை அணைத்துவிட்டார்கள், எடை மட்டும் ஏறவேண்டும். எனக்கு நல்ல சேதி வரும்போதெல்லாம் பக்கத்துப் பாயைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

ஒருநாள் சங்கவி வந்து ராஜசேகரை எழுப்பி, கையைக் காட்டச் சொன்னாள். பிளவுகள் மூடி, இளஞ்சிவப்பாகத் தோல் கட்டியிருந்தது. கெளுத்தி குத்தின இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை எப்படி இருக்குது என்று கேட்டதற்கு, காய்ச்சல் இறங்குது, பாப்போம் என்றாள். பார்ப்போம் என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்வதில்லை. ஒருதடவை நாளைக்கு என்று சொல்லி நடந்ததெல்லாம் போதும் என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

அது ஒரு காலை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. கலைமதிக்கு டிஸ்சார்ஜ் சொல்லியிருந்தார்கள், நான் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். வராண்டாக் கோடியில் வீரம்மாள் சேலையை மறைப்பாக விரித்துப் பிடித்திருந்தாள், அதற்குப் பின்னால் தமிழ்மொழி உட்கார்ந்து கிண்ணத்தில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். ராஜசேகர் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு பிள்ளை அழுதது.

பெரிய அழுகை இல்லை. கம்மின குரல், கிழிந்த பீப்பி ஊதுகிற மாதிரி விட்டு விட்டு வந்தது. அந்த வார்டில் எப்போதும் ஏதாவதொரு பிள்ளை அழுதுகொண்டுதான் இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது நிறுத்தாமல் அழுதது.

சேலைக்குப் பின்னாலிருந்து தமிழ்மொழி சலிப்போடு சொன்னாள். "யாரு புள்ளையோ எவ்ளோ நேரமா கத்துது. பெத்தவ எங்க போயிட்டா? ஜல்தியா வந்து பாக்கக் கூடாதா?"

"நீ ஒன் வேலையப் பாரு," என்ற வீரம்மாள், மறைப்புக்குள்ளே எட்டிப் பார்த்து, "ஏண்டி, கிண்ணம் வழியுது பாரு," என்றாள்.

சொட்டுச் சொட்டாகத்தான் வரும் எப்போதும். அன்றைக்குக் கிண்ணம் நிறைந்து, மடியெல்லாம் நனைந்து வழிந்துகொண்டிருந்தது. இது இன்னா இப்பிடி வருது என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. அரையடி இல்லை, முழுசாகத் திறந்தது. அழுகை வராண்டாவுக்கே வந்துவிட்டது.

"தமிழ்மொழி!" என்று கூப்பிட்டாள் சங்கவி. "பைப்ப எடுத்துட்டோம். தானா மூச்சு உடறான். மூக்குல சின்ன காத்துக் கொழா மட்டும் இருக்குது. தொண்ட கம்மியிருக்குது, சரியாப் போயிடும். இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும். யாராவது ஒருத்தர் வாங்க."

சேலை மறைப்பு கீழே விழுந்தது. தமிழ்மொழி கிண்ணத்தோடு எழுந்து நின்றுவிட்டாள், மார்பை மூடக்கூடத் தோன்றவில்லை. நான் திரும்பிக்கொண்டேன். அவள் குரல் மட்டும் கேட்டது.

"எம்புள்ளையாம்மா அது? எம்புள்ளையா இவ்ளோ நேரம் கத்திக்கினு இருந்துச்சு?"

ராஜசேகர் எழுந்து நின்றான், பழக்க தோஷம், அந்தப் பெயருக்கு எழுந்தே பழகினவன். எழுந்தவன் ஓரடி வைத்துவிட்டு நின்றுவிட்டான். அவள் முகத்தைப் பார்க்காமல், தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவள் அவனிடம் வந்தாள். அத்தனை நாள் கழித்து அவனிடமே பேசினாள், என் மூலமாக இல்லை.

"நீ போ. என் துணியெல்லாம் பாலு. நான் மாத்திக்கினு வர்றேன். மொதல்ல நீ போய்த் தூக்கு."

அவன் சங்கவியைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தாள், தலையசைத்தாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். சுவரில் தொங்கின பாட்டில் அடியில் கையைக் குவித்து நீட்டி, அழுத்தினான். கெளுத்தி குத்தின இடம் மேலே மூடியிருந்தாலும் உள்ளே இன்னும் ஆறவில்லையே, உடம்பே ஒருதரம் தூக்கிப்போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று தேய்த்தான். காய்ந்தது. திரும்ப அழுத்தினான். திரும்பத் தேய்த்தான். உள்ளே பிள்ளை தொண்டை கம்மக் கம்ம அழுதுகொண்டிருந்தது.

"போதும் அண்ணா, வாங்க," என்றாள் சங்கவி.

"இன்னும் ஒரு தபா சிஸ்டர்," என்று அவன் மறுபடியும் கையை நீட்டினான்.